அந்த மீன் என்ன ஆனது?

போன தை மாதம் கோட்டையூரில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி போட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் ஒரு பேச்சாளரை மேடையேற்றியிருந்தார்கள். அறுபது முடிந்தவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் நாலைந்து பேர் முன்வரிசையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் நட்பைப் பற்றி ஆரம்பித்தார். எங்கள் பக்கத்து மேடைகளில் நட்பு என்று எடுத்தால் போகிற தடம் ஏற்கெனவே போட்டிருக்கும். முதலில் கர்ணன், அப்புறம் குகன். அவரும் அந்தத் தடத்திலேயே போனார். துரியோதனன் ‘எடுக்கவோ கோக்கவோ’ என்று கேட்ட இடத்தில் ஒரு கைதட்டல், குகன் தேனும் மீனுமாக வந்து நின்ற இடத்தில் இன்னொன்று. “வேடன் கொடுத்தான், வேந்தன் மகன் உண்டேன் என்றான். அங்கே குலம் போச்சு, கோத்திரம் போச்சு, நட்பு மட்டும் நின்னுச்சு” என்று குரலை உயர்த்தினாரே, அப்போது நானும் சேர்ந்துதான் தட்டினேன். இலையில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரத்தைக் கார சட்னியில் தொட்டு வாயில் வைக்கும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. உண்டேன் என்று சொன்னான், சரி. உண்டானா?

இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு மடைத் தாத்தா கேட்டது. கேட்டவரும் இப்போது இல்லை, பதில் சொல்லத் திணறிய எங்கள் ஐயாவும் இல்லை. கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

தேனும் மீனும்

ஐயா என்றால் என் அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்றவர். பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவி ஆளாக, இருந்து, யுத்தத்தில் எல்லாம் போய், வெறுங்கையோடு ஊர் திரும்பியவர். எங்கள் வீட்டைப் பார்க்கிறவர்கள் பெரிய இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். வீடு பெரிதுதான், எங்கள் பங்கு சிறிது. நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் ஓர் அறை, பட்டாலைக் கூடத்தில் ஒரு மூலை, பின்கட்டில் ஓர் அடுப்பு, அவ்வளவு. ஊர் திரும்பியபோது ஐயாவிடம் மிச்சமிருந்தவை மூன்று. ஐந்தொகை என்கிற இருப்புக் கணக்குப் போட்டால் ஒரு காசு பிசகாத கை, மனப்பாடமாகக் கம்பன், கண்மாயின் வடகோடியில் இரண்டு செய் வயல். இந்த மூன்றில் கடைசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வட்டிக்கணக்கு வாயிலே போடுகிறவருக்கு நாற்று எத்தனை நாளில் பறிக்க வேண்டும் என்று தெரியாது. அதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் மடைத் தாத்தா.

கண்மாய் மடையைத் திறந்து மூடுவது அவர் வேலை. எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணீர், எந்த வாய்க்காலில் யார் ராத்திரியில் மண்ணைத் தள்ளித் திருப்பிவிடுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அறுப்பில் களத்து நெல்லாகக் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கும் ஐயாவுக்கும் எப்படி ஒட்டிக்கொண்டது என்று நான் யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். தினமும் விடிகாலையில் இரண்டு பேரும் கரையில் இருப்பார்கள், ஒருவர் பாட்டுச் சொல்வார், இன்னொருவர் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே கேட்பார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஐயா அவரை ‘அப்பு’ என்பார், ‘நீ’ என்பார். அவர் ஊருக்குள் ‘ஐயா’ என்றும் கரையில் தனியாக இருக்கும்போது ‘செட்டியாரே’ என்றும் கூப்பிடுவார், ஆனால் இரண்டு இடத்திலும் ‘நீங்க’தான். வீட்டுக்கு வந்தால் முகப்போடு சரி. ஐயா திண்ணையில் உட்காரச் சொல்வார். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பங்குனி பிறந்தால் கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். கண்மாய் அழிக்கிற, அதாவது ஊரே இறங்கி மீன் பிடிக்கிற, நாளைத் தண்டோராப் போட்டுச் சொல்வார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை சனமும் ஊத்தாக் கூடையும் வலையுமாக உள்ளே இறங்கும். கெண்டையும் கெளுத்தியும் யார் கையிலும் அகப்படும். விரால் அப்படியில்லை, அது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், இடம் தெரிந்தவனுக்குத்தான். மடைத் தாத்தா வருஷாவருஷம் மூன்று விரால், மண்பானையில் தண்ணீர் விட்டு உயிரோடு, எங்கள் முகப்பில் கொண்டுவந்து வைப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால் ஐயா பாதரக்குடி மடத்தில் உபதேசம் கேட்ட அன்றோடு மீன், கறி எல்லாவற்றையும் விட்டவர். அது மடைத் தாத்தாவுக்கும் தெரியும். ஐயா எழுந்து வந்து பானையை இரண்டு கையாலும் வாங்குவார். உள்ளே விரால் துள்ளி அவர் வேட்டியெல்லாம் நனையும். “ரொம்ப சந்தோசம் அப்பு” என்பார். பானை அப்படியே பின்கட்டுக்குப் போகும். அப்பத்தா சாம்பலைப் போட்டுக் கல்லில் உரசிக் கழுவித் தனிச் சட்டியில் குழம்பு வைப்பார். நாங்கள் சாப்பிடுவோம். ஐயா அன்றைக்குப் பட்டாலையில் இரண்டு தூண் தள்ளி உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிடுவார்.

அதே பங்குனியில்தான் காரைக்குடியில் கம்பன் திருவிழா. 1939இல் சா. கணேசன் தொடங்கியது. மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில் நடந்து, அஸ்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பன் அடங்கியதாகச் சொல்லப்படும் இடத்தில் நிறையும். ஐயா நான்கு நாளும் போவார். அங்கே இருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்துவந்து சின்ன வயதில் என் நாக்கில் வைத்தார்களாம். பேச்சு வந்தது, கவிதைதான் வரவில்லை. திருவிழா முடிந்து திரும்பினால் அடுத்த ஒரு வாரம் கரையில் அந்த வருஷத்துப் பேச்செல்லாம் மடைத் தாத்தாவுக்கு மறு ஒலிபரப்பு ஆகும். அப்படி ஒரு நாள்தான் குகன் வந்தான். ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவன், தோல் செருப்பும் துடியும் நாயுமாக வந்தவன், தேனும் மீனும் கொண்டுவந்தான் என்று சொல்லி, “பரிவினின் தழீஇய என்னின் பவித்திரம்” என்று இழுத்துப் பாடி, ‘அன்போடு கொண்டுவந்தது எதுவானாலும் அது தூய்மைதான், நாங்களும் இனிதாக உண்டது போலத்தானே’ என்று இராமன் சொன்னதாகப் பொருளும் சொன்னார் ஐயா. கண் கலங்கிவிட்டது அவருக்கு. மடைத் தாத்தா குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

“சாப்பிடல.”

“சாப்பிட்ட மாதிரித்தான்னு சொல்றார்.”

“அது சரி. அப்ப அந்த மீனு என்னாச்சு?”

ஐயா விழித்தார். கம்பன் சொல்லவில்லை. “வெயில்ல நாறிப்போயிருக்குமே” என்று மடைத் தாத்தா நிஜமாகவே கவலைப்பட்டார். “பானையில தண்ணி வச்சுக் கொண்டாந்திருக்கணும் அந்த வேடன்.” ஐயா சமாளிக்கப் பார்த்தார். வான்மீகத்தில் மீன் பேச்சே வேறு மாதிரி, குகன் விதவிதமாய்ச் சோறு கொண்டுவர, விரதத்தில் இருக்கிறேன், எதுவும் ஏற்பதற்கில்லை, குதிரைகளுக்கு மட்டும் தீனி கொடு போதும் என்று இராமன் சொல்கிறான் என்றார். மடைத் தாத்தா தலையாட்டினார். “அது நாயம். குதிரையாச்சும் தின்னுச்சுல்ல.”

கல்லூரிக்குப் போன வயதில் இந்தக் கேள்வி எனக்குள் கோபமாக முற்றியது. வயசுக்கோளாறுதான், ஆனால் முழுக்கத் தப்பு என்றும் சொல்லமாட்டேன். ஏற்றத்தாழ்வான இரண்டு பேர் நண்பர்களாகிற கதை எதை எடுத்தாலும் தாழ்வில் இருப்பவன்தான் கொடுத்துக்கொண்டே இருக்கிறான் என்று பட்டது. ஓடம் குகனுடையது, மீன் குகனுடையது, ராத்திரி கண் விழிப்பு அவனுடையது, பரதன் சேனையோடு வந்தபோது சாகத் தயாராக நின்றதும் அவன்தான். பதிலுக்கு இராமன் கொடுத்தது என்ன? ‘உன்னோடு ஐவரானோம்’ என்று ஒரு வார்த்தை. அதற்கே மேடைமேடையாகக் கை தட்டுகிறோம். இந்தப் பக்கம் கர்ணன் கதை எவ்வளவோ தேவலை, துரியோதனன் அங்க நாட்டையே கொடுத்துவிட்டுத்தான் உயிரைக் கேட்டான் என்று ஐயாவிடம் சண்டைக்குப் போனேன். ஐயா கணக்குப்பிள்ளைக் குரலில் சொன்னார், “கர்ணன் பேரேட்டில் பற்றும் வரவும் நேராயிடுச்சுப்பா. அவனே செஞ்சோற்றுக் கடன்னு சொல்லிட்டான்ல. கடன்னா கழிச்சிறலாம். குகன் பேர்ல அப்படித் தொகை கட்ட முடியாது.” எனக்கு அது மழுப்பலாகத்தான் தெரிந்தது. மோர் சாதத்தை இரண்டு தூண் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிறவர் வேறு எப்படிச் சொல்வார் என்றுகூட நினைத்தேன், சொல்லவில்லை.

புயல் ராத்திரி

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலை டெல்டாக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை என்று மேற்கே வந்தபோது எங்கள் ஊரிலும் பேய்மழை. எனக்கு எட்டு வயது. வளவின் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் நடுவில் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் பேச்சுகூடக் கேட்கவில்லை. கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்கு ஒன்று அறை வாசலில் எரிந்தது. பெரியவர்கள் யாரும் தூங்கவில்லை, கண்மாய் தாங்குமா என்பதுதான் பேச்சு.

கண்மாய் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாகப் போய்விடும். கலுங்கு தாங்காத அளவுக்கு வந்தால் கரை உடையும். அது எங்கே உடையும் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் ஆழமான இடத்தில், அதாவது மடைப் பக்கம்தான் போகும். எங்கள் ஊரில் மடைக்கு நேர் கீழே குடியிருப்பு. அதற்கு முன்னால் கரையின் ஓரக்கோடியில், உயரம் குறைந்த இடத்தில், ஆள் வைத்து வெட்டிவிட்டால் மேல்தண்ணீர் வடிந்து கரை தப்பும். கீழே இருக்கிற வயல் தப்பாது.

விடியற்காலம் மூன்றோ நாலோ இருக்கும். நடைக்கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு யாரோ திறந்தார்கள். மடைத் தாத்தா. முகப்பில் நிற்கவில்லை. பத்தியைச் சுற்றி, வளவுக்குள்ளே, நேரே எங்கள் அறை வாசலுக்கு வந்துவிட்டார். இடுப்பில் கட்டிய துண்டு உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கையில் மண்வெட்டி, அதை வெளியே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வந்த வழியெல்லாம் ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் மேல் செஞ்சேற்றுக் காலடி. அப்பத்தா அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தக் காலடிகளைப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. அவர் ஐயாவைப் பார்த்துச் சொன்னார்:

“செட்டியாரே, உன் வயல் பக்கம் வெட்டிவிட்டுட்டேன்.”

உன் வயல். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் ஐயாவுக்கு நேராக வந்து நான் கேட்டதில்லை. ஐயா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

“வடகோடியா?”

“வடகோடிதான். தெக்க வெட்டினா ஏழு வீட்டுச் சோறு. வடக்கன்னா உன் ஒருத்தன் வயலுதான். உன்கிட்டன்னா வந்து சொல்லிக்கிறலாம்.”

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். “கரை நிக்குதா?” என்றார் ஐயா. “நிக்கும்.” “உக்காரு. காப்பி குடிச்சிட்டுப் போ.” அவர் உட்காரவில்லை. அப்பத்தா அடுப்பை மூட்டிக் காப்பி போட்டுவிட்டு, எந்த டம்ளரில் ஊற்றுவது என்று கையில் பாத்திரத்தோடு ஒரு நிமிஷம் நின்றார். ஐயா தலைமாட்டில் இருந்த தன் வெங்கல டம்ளரை எடுத்து நீட்டினார். இந்த டம்ளர் விஷயம் நானே பார்த்ததா, பிற்பாடு என்னைப் பெற்ற ஆத்தா சொல்லிச் சொல்லிப் பார்த்ததாக ஆகிவிட்டதா என்று இப்போது பிரிக்க முடியவில்லை. நின்றபடியே குடித்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போனார்.

நான் அந்த வயதில் எதிர்பார்த்தது வேறு. உற்ற சிநேகிதன் என்றால் ஊர் வயலெல்லாம் முங்கினாலும் சிநேகிதன் வயலைக் காப்பாற்றுவான் என்பதுதான் கதைகளில் படித்தது. இங்கே ஒரு மனுஷன் சிநேகிதன் என்பதாலேயே அவன் வயலைத் தேர்ந்தெடுத்து வெட்டியிருக்கிறார். வேறு யார் வயலை வெட்டியிருந்தாலும் அந்த அர்த்த ராத்திரியில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்க முடியாது, அரிவாளோடுதான் வந்திருப்பார்கள். எங்கள் வயலில் அந்த வருஷம் ஒரு பொதி நெல் இல்லை. ஒரு முழத்துக்கு மணல் ஏறி, அதை அள்ளவே அடுத்த கோடை வரைக்கும் ஆனது. வீட்டில் அதற்காக எத்தனை நாள் சண்டை நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

கதை அதோடு முடியவில்லை. மழை விட்டதும் ஊர்க்காரர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. ‘வெட்டாமல் இருந்தாலும் கரை தாங்கியிருக்கும்’, ‘ஒரு போகத் தண்ணீரை வீணாக்கிவிட்டான்’, ‘பொதுக் கரையை யாரைக் கேட்டு வெட்டினான்’. நியாயமான கேள்விகளும்தான். வெட்டாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யார் நிரூபிக்க முடியும்? பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். மடை வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்றுகூடப் பேச்சு. அவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். யாரும் கூப்பிடாமலே ஐயா எழுந்தார். கூட்டத்தில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, லேசாகச் சிரித்தபடி, “நான்தான் வெட்டச் சொன்னேன். என் வயல், என் நட்டம். வேற யாருக்கும் இதுல கேள்வி இருக்கா?” என்றார்.

பச்சைப் பொய். ஐந்தொகையில் காலணா இடித்தாலும் விளக்கை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்காருகிற மனுஷர் அவ்வளவு பேர் முன்னால் கூசாமல் சொன்னார். சொல்லும்போது மடைத் தாத்தா பக்கம் திரும்பக்கூட இல்லை. கூட்டம் கலைந்தது.

யாரைப் பார்த்துச் சொன்னது

சாந்திக் கல்யாணத்திலிருந்து வந்த அன்றைக்கு ராத்திரி ஐயாவின் கம்பராமாயணப் புத்தகத்தை எடுத்தேன். அட்டை பிரிந்து நூல் தொங்குகிறது. குகப் படலத்தில் அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். எல்லோருக்குமே அந்தப் பாட்டுத்தான் மனப்பாடம், அதுதான் சிக்கல். அதற்கு முந்தின பாட்டை நான் எத்தனையோ தடவை கண்ணால் கடந்திருக்கிறேன், நின்றதில்லை.

முந்தின பாட்டில் இரண்டு சங்கதி இருக்கிறது. ‘இங்கே இரு’ என்று இராமன் சொல்கிறான், குகன் ‘இருந்திலன்’. உட்காரவில்லை. நின்றபடியேதான் தேனும் மீனும் கொண்டுவந்தேன், உங்கள் மனசில் என்ன என்று கேட்கிறான். இன்னொன்று, அதைக் கேட்ட இராமன் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்கிறான். ‘விருத்த மாதவரை நோக்கி முறுவலன்’. அங்கே இருந்த வயதான முனிவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். அப்புறம்தான் அந்தப் பிரசித்தமான பாட்டு வருகிறது.

எனக்குக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூட முடியவில்லை. இராமன் தங்கியிருப்பது கங்கைக்கரையில் முனிவர்களின் தவச்சாலை. மீன் வாடை வந்தால் முகம் சுளிக்கிற இடம். அத்தனை தாடிகளுக்கும் நடுவில் ஒருவன் மீனோடு நிற்கிறான், தன்னை ‘நாயடியேன்’ என்று சொல்லிக்கொண்டவன், உட்காரச் சொன்னால் உட்காரத் தெரியாதவன். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இராமனுக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, இது பவித்திரம், எங்களைப் போன்றவர்களுக்கும் உரியதுதான், நாங்கள் உண்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். வார்த்தை குகனுக்கு, காது முனிவர்களுக்கு. இது என் வாசிப்பு. உரைகாரர்கள் அந்தச் சிரிப்புக்கு வேறு பொருள் சொல்லக்கூடும். ஆனால் எங்கள் பிள்ளையார் கோயில் முன்னால் ஐயா எந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார் என்பதைப் பார்த்தவன் நான், எனக்கு வேறு மாதிரி வாசிக்க வராது. நாற்பது வருஷமாக ‘சாப்பிட்டானா’ என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்க்கப்போனால் குகன் பக்கமும் மாறித் தெரிகிறது. விடைபெறும்போது அவன் நானும் கூட வருகிறேன் என்கிறான். இராமன் வேண்டாம் என்கிறான். இரண்டாவது மறுப்பு. ஆனால் எப்படிச் சொல்கிறான்? அயோத்தியில் இருக்கிற சுற்றத்தைக் காக்க ‘உம்பி’ இருக்கிறான், இங்கே இருக்கிற சுற்றத்தைக் காக்க யார் இருக்கிறார்கள், உன் கிளை என் கிளை அல்லவா என்கிறான். உம்பி என்றால் உன் தம்பி. பரதனைத்தான் சொல்கிறான். போகிற போக்கில் ஒரு வேடனுக்கு அயோத்தி இளவரசனைத் தம்பியாக்கிவிட்டுப் போகிறான். கொஞ்ச நாளில் அந்தத் தம்பி சேனையோடு கங்கைக் கரைக்கு வருகிறான், அண்ணன் வில்லை எடுக்கிறான்! ‘தோழமை என்று அவர் சொல்லிய சொல் ஒரு சொல் அன்றோ’ என்று குகன் கொதிக்கிற இடம் அதுதான். அவனை யாரும் சண்டை போடச் சொல்லவில்லை. வேலைக்காரன் என்றால் உத்தரவு வர வேண்டும், இவனுக்குத் தோழமை என்ற ஒரு சொல்லே போதுமாயிருக்கிறது. இத்தனைக்கும் அவன் நினைத்தது தப்பு. பரதன் மரவுரியும் கலங்கின முகமுமாக, இராமன் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பதைக் கண்ட பிறகுதான், எம்பெருமானுக்குப் பின்னால் பிறந்தவர்கள் தப்புச் செய்வார்களா என்று வில்லை இறக்குகிறான். மடைத் தாத்தா வெட்டியதும் தப்பாகவே இருந்திருக்கலாம். கரை தாங்கியிருக்கலாம். அவரும் யாரையும் கேட்டு வெட்டவில்லை.

ஆனால் ‘குலம் போச்சு, கோத்திரம் போச்சு’ என்றாரே அந்தப் பேச்சாளர், அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கே போச்சு? அந்த ராத்திரிக்கு அப்புறம் மடைத் தாத்தா முகப்பைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. மறுபடி ‘ஐயா’, மறுபடி ‘நீங்க’, மறுபடி தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஐயாவும் அவரை உள்ளே வா என்று கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த வெங்கல டம்ளரை ஐயா கடைசிவரைக்கும் வைத்திருந்தார், அதில்தான் குடித்தார். இவ்வளவுதான் நடந்தது. இதை இன்னும் பெரிதாக்கிச் சொல்லவும் எனக்கு மனசில்லை, குறைத்துச் சொல்லவும் முடியவில்லை.

வெட்டின இடத்தை மூன்றாம் நாள் மூங்கிலும் மணல் மூட்டையும் போட்டு அடைத்தார்கள். கார்த்திகைக் கடைசியில் பெய்த மழையில் கண்மாய் மறுபடி நிரம்பித் தளும்பியது. வீணாய்ப் போச்சு என்று சொன்னவர்கள் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. பங்குனி வந்தது, தண்ணீர் இறங்கவில்லை, துண்டு வீசவில்லை, யாரும் ஊத்தாவை எடுக்கவில்லை. ஐயா வழக்கம்போலக் காரைக்குடிக்குப் போனார், அஸ்தத்தன்று நாட்டரசன்கோட்டைக்கும் போய்விட்டு ராத்திரி கடைசிப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கால் கழுவி உள்ளே வந்தவர் முகப்பில் கொஞ்சம் நின்று, தூண் ஓரமாகப் பானை வைக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“இந்த வருஷம் மீன் வரலையா?”

அப்பத்தா அடுப்படியிலிருந்து ஆத்தாவிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “திங்கிறவுக கேக்குறாக பாரு.”